என்னைத் துரத்திய மஞ்சள் மழைச்சட்டை

மூன்று வருடங்களுக்கு முன், செப்டெம்பர் மாதக் கடைசியில், ஒஸ்லோவில் நடந்தது இது. இடத்தைச் சரியாகச் சொல்வதென்றால், பிரின் பக்கமிருந்து குரோருட் வரை ஆல்னா ஆற்றை ஒட்டி ஏறி வருகிற சைக்கிள் பாதை. இப்போது நினைத்தாலும் முதலில் சிரிப்புத்தான் வரும். பிறகு அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அப்போது குரோருட்டில் மூன்றாம் மாடியில் பதினேழு வருடங்களாக இருந்தோம். பதினேழு வருடமும் எனக்குத் தெரிந்த ஊர் என்ன? வீடு, ரயில் நிலையம், மரக்கறிக் கடை, மகளின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். மகள் படித்து முடித்து ஸ்தவாங்கரில் வேலை கிடைத்துப் போனாள். போகும்போது தன் சைக்கிளை நிலவறையில் விட்டுவிட்டுப் போனாள். அந்த ஓகஸ்டில் நிலவறையைத் துப்புரவு செய்யப் போன நான் சைக்கிளைக் கண்டதும், துப்புரவை அப்படியே போட்டுவிட்டு, சில்லுக்குக் காற்றடித்து வெளியே கொண்டுவந்துவிட்டேன். என் கணவர் ஜன்னலால் எட்டிப் பார்த்து, "விழுந்து காலை முறிச்சால் நான் சமைக்க மாட்டன், இப்பவே சொல்லிப்போட்டன்" என்றார். அவர் என்றைக்குச் சமைத்தார்!

பிரின்னில் ஓர் அலுவலகக் கட்டடத்துக் கன்டீன் சமையலறையில் எனக்கு வேலை. மறுநாளே சைக்கிளில் போனேன். போகும்போது முழுக்க இறக்கம். மிதிக்கவே வேண்டியதில்லை. காற்றில் என் முகம் அப்படியே திறந்துகொண்டது போல இருந்தது. அதைவிட, வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் ஒரு நீர்வீழ்ச்சி இருக்கிறது! சின்னதுதான், ஆனால் 'சோ'வென்று கொட்டுகிறது. பதினேழு வருடமாக அது கொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது, நான் தரைக்குக் கீழே ரயிலில் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு வந்த ஆத்திரத்தையும் சந்தோஷத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு என்னைப் பிடிக்க முடியவில்லை. செப்டெம்பர் பிறந்ததும் பேர்ச் மர இலைகள் மஞ்சளாக உதிரத் தொடங்கின. நான் ஒவ்வொரு நாளும் ஒரு புதுக் கிளைப்பாதையில் திரும்பினேன். ஒரு பாதை பழைய தொழிற்சாலைச் சுவரில் முடிந்தது, இன்னொன்று வாத்துகள் நிறைந்த குளத்தில் கொண்டுபோய் விட்டது. தோட்டம் வைத்திருப்பவர்கள் அப்பிள் பழங்களைப் பெட்டியில் போட்டு 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதிப் படலைக்கு வெளியே வைத்திருந்தார்கள். முதல் நாள் நாலா பக்கமும் பார்த்துவிட்டு இரண்டு எடுத்தேன். மூன்றாம் நாள் பை கொண்டு போனேன். வழியோரத்து ராஸ்பெரியையும் விடவில்லை.

"எங்கையப்பா போய் வாறீர்? வேலைக்கோ, சந்தைக்கோ?" என்று கணவர் கேட்டார். கேட்டுக்கொண்டே மூன்றாவது அப்பிளைக் கடித்தார்.

எங்கள் சமையலறைக்குப் பொறுப்பான நோர்வேக்காரப் பெண்தான் எனக்குத் துணிவு தந்தவள். இந்த நாட்டில் காட்டில் விளைகிற பழமும் காளானும் யாரும் பறிக்கலாம், அது எல்லோருக்கும் உள்ள உரிமை என்றாள். ஒரு வியாழக்கிழமை பாத்திரம் கழுவும்போது இன்னொன்றும் சொன்னாள். நோர்வேக்காரர்கள் எதை வேண்டுமானாலும் சொல்வார்கள், காளான் பறிக்கிற இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்களாம். அவளுடைய தகப்பன் அந்த இடத்தைச் சொந்தத் தம்பிக்கே மறைத்தாராம். பின்னால் யாராவது வந்தால் வேறு பாதையில் சுற்றிப் போவாராம். நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். சிரித்தாலும் மனதில் பதித்துக்கொண்டேன்.

அன்று வீடு திரும்பும்போதுதான் பாருங்கள், நீர்வீழ்ச்சியைத் தாண்டி, பாதையோரம் இருக்கப் போட்டிருக்கிற இரண்டாவது வாங்குக்குப் பின்னால், விழுந்து கிடந்த ஒரு பேர்ச் மரத்துக்குப் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று காளான்கள்! முதல் நாள் நல்ல மழை. சிலது மொட்டு, சிலது குடை விரித்தது. நான் சைக்கிளை அப்படியே புல்லில் சாய்த்துவிட்டு ஓடினேன். எங்கள் ஊரில் இடி மழைக்கு மறுநாள் புற்றடியில் பறிப்போமே, அதே வெள்ளை, அதே நீண்ட தண்டு. எனக்கா காளான் தெரியாது? சமையலறையில் நிற்கிறவள் நான். மண் ஒட்டாமல் கத்தியால் தண்டோடு நறுக்கி நறுக்கிப் பையில் போட்டேன். எல்லாவற்றையும் பறிக்கவில்லை, மொட்டுகளை மறுநாளுக்கு விட்டுவைத்தேன். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை. காளான் கறி வைத்தால் இறைச்சி இல்லாத குறை தெரியாது என்று கணக்குப் போட்டேன்.

படியில் ஏறும்போது இரண்டாம் மாடிப் பிள்ளை எதிரே வந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பெண். கணவனுக்குக் கணினி வேலை, வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. நாங்கள் 'கதைக்கிறம்' என்றால் அவளுக்குச் சிரிப்பு வரும். அவள் 'பேசறேங்க' என்றால் எனக்குச் சிரிப்பு. பையை எட்டிப் பார்த்தவள் துள்ளினாள்.

"ஐயோ அக்கா, காளானா! கடையில கிடைக்கிற பட்டன் மஷ்ரூம் தின்னு தின்னு வாயே செத்துப்போச்சு!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. என்னிடம்தான் இடம் இருக்கிறதே, நாளைக்கு மிச்சத்தைப் பறித்தால் போயிற்று என்று, முழுவதையும் என்னுடைய எவர்சில்வர் சட்டியில் கொட்டி அவளுக்கே கொடுத்துவிட்டேன். மஞ்சளும் உள்ளிப்பூண்டும் போட்டு அவித்துப் பார், நிறம் மாறாவிட்டால் பயமில்லை என்று பாடமும் எடுத்தேன். எங்கே பறித்தீர்கள் என்று கேட்டாள். "அது ரகசியம்" என்றேன். சொல்லும்போது எவ்வளவு இனித்தது தெரியுமா? நானும் ஒரு நோர்வேக்காரி ஆகிவிட்டேன் என்று நினைப்பு.

வெள்ளிக்கிழமை மூன்றரைக்கு வேலை முடிந்தது. நேரே அந்த இடத்துக்குப் போனேன். முதல் நாள் மொட்டுகள் எல்லாம் விரிந்து நின்றன. குனிந்து நறுக்கிக்கொண்டிருக்கும்போது பின்னால் பிரேக் சத்தம் கேட்டது. திரும்பினால், மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒரு பெண் சைக்கிளை நிறுத்திவிட்டு என் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். சைக்கிளின் பின்னால் வெறுமையான பிள்ளை இருக்கை.

இங்கே தெரியாதவர்கள் நின்று பேச மாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில்கூட இருக்க மாட்டார்கள். இவள் நிற்கிறாள் என்றால் என்ன அர்த்தம்? என் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாள்! பையை முறுக்கிக் கூடையில் போட்டேன், ஏறினேன், மிதித்தேன்.

"ஹலோ! ஹலோ, கொஞ்சம் நில்லுங்கள்!" என்று நோர்வேஜிய மொழியில் பின்னாலிருந்து குரல் வந்தது.

நின்றேனா? இன்னும் அழுத்தி மிதித்தேன். அவளும் வந்தாள். அது ஏற்றப் பாதை. ஈர இலைகள் வேறு வழுக்கின. அவளுடையது மெல்லிய, விலை கூடிய சைக்கிள், என்னுடையது கூடையும் மணியும் வைத்த பாரமான சாமான். இருந்தும் பாருங்கள், என்னை அவளால் எட்டிப் பிடிக்க முடியவில்லை! சின்ன வயதில் சைக்கிளில் மண்ணெண்ணெய்க் கானும் தங்கச்சியும் ஏற்றி ஓடிய கால்கள் இவை. நெஞ்சு அடிக்கிறது, கண்ணில் காற்று அடித்துத் தண்ணீர் வருகிறது, உள்ளே ஒரு குழந்தைத்தனமான குதூகலம். ஓடு, ஓடு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெருந்தெருவைக் கடக்கிற இடத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. லொறிகள் போய்க்கொண்டிருந்தன. வேறு வழியில்லாமல் நின்றேன்.

மூச்சு இரைக்க வந்து பக்கத்தில் நின்றாள். முதலில் அவளால் பேச முடியவில்லை. பிறகு கேட்ட முதல் கேள்வி, "நீங்கள் அதில் எதையாவது சாப்பிட்டீர்களா?"

இல்லை என்றேன். பையைக் காட்டச் சொன்னாள். தயங்கித் தயங்கிக் காட்டினேன். ஒன்றை எடுத்துத் திருப்பினாள். அடிப் பக்கம் எங்கே என்றாள். மண் ஒட்டும் என்று வெட்டிவிட்டேன் என்றேன். எல்லாம் அந்த இடத்தில் பறித்ததுதானா, வேறு இடத்திலும் பறித்தீர்களா என்று கேட்டாள். பார்த்தீர்களா, வந்துவிட்டாள் விஷயத்துக்கு என்று நினைத்தேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்த ஊர் ஸ்ட்ரோம்மன். அங்கே எனக்குத் தெரிந்தது பெரிய கடைத்தொகுதி மட்டும்தான்.

"ஸ்ட்ரோம்மனில். கடைகளுக்குப் பின்னால்" என்றேன்.

தன் கண்ணாலேயே நான் குனிந்து வெட்டுவதைக் கண்டவள் அவள். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இது 'வீட் ஃப்ளூசொப்', வெள்ளையாக இருக்கும் கொடிய விஷக் காளான், ஒன்றே ஓர் ஆளைக் கொல்லப் போதும் என்றாள். நான் மஞ்சளையும் உள்ளியையும் பற்றிச் சொன்னேன். நிறம் மாறாது, மணமும் மாறாது, அவித்தாலும் விஷம் போகாது, சாப்பிட்டவர் நாளை வரைக்கும் நல்ல சுகமாகவே இருப்பார், வருத்தம் தெரியும்போது ஈரல் கெட்டிருக்கும் என்றாள். எனக்கு அப்போதும் முழு நம்பிக்கை வரவில்லை. என்னைப் பயமுறுத்தி விரட்டிவிட்டு எல்லாவற்றையும் தானே பறிக்கப் பார்க்கிறாள் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

அவள் கெஞ்சுவது போலச் சொன்னாள். "உங்கள் இடம் எனக்கு வேண்டாம். எங்கே என்று சொல்லவே வேண்டாம். தயவுசெய்து சாப்பிட மட்டும் வேண்டாம்." காளானைப் பையில் போட்டுவிட்டு, என் சைக்கிள் கூடையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பிடியைப் பார்த்ததும்தான் எனக்கு இரண்டாம் மாடிப் பிள்ளையின் நினைவு வந்தது. தொலைபேசியை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"அக்கா! இப்பத்தான் உங்களை நெனச்சேன். சூப்பரா வந்திருக்கு!"

"பிள்ளை, சாப்பிட்டனீரோ? சொல்லும், சாப்பிட்டனீரோ?"

"இன்னும் இல்லைக்கா. அவர் ரூம்ல மீட்டிங்ல இருக்கார். உங்க பாத்திரத்தை வெறுமனே எப்படித் திருப்பித் தர்றது? அதான் அதிலேயே குழம்பு ஊத்தி, மேல சார்கிட்ட குடுத்துட்டு இப்பத்தான் வந்தேன்."

எங்கள் ஊர்ப் பழக்கமும் அதுதான். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. நான் கொடுத்தது என் வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது. காளான் விஷம் என்று கத்தினேன். சட்டியைத் தொடாதே, மேலே ஓடிப் போய் அவரைச் சாப்பிட விடாதே என்றேன். கணவருக்கு அழைத்தேன். விடியற்காலை வேலைக்குப் போய் வருகிறவர் அவர். பின்னேரம் தொலைபேசியின் சத்தத்தை நிறுத்திவிட்டு, காதில் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு கிரிக்கெட் பார்ப்பார். இடி விழுந்தாலும் கேட்காது.

விளக்கு பச்சையானது. நேற்றுப் பறித்ததைக் கீழ்வீட்டில் சமைத்துவிட்டார்கள் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். மிச்சம் என் முகத்திலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் பராமரிப்பு நிலையத்துக்கு அழைத்து, மகனை எடுக்க வரத் தாமதமாகும் என்று இரண்டு வசனத்தில் சொன்னாள். இங்கே பிள்ளையை நேரத்துக்கு எடுக்காவிட்டால் எவ்வளவு சங்கடம் என்று எனக்குத் தெரியும். "போவோம்" என்றாள்.

இரண்டு பேரும் பக்கம் பக்கமாக மிதித்தோம். இந்த முறை அவளைவிட நான் வேகமாகப் போகவில்லை, என்னைவிட அவளும் போகவில்லை. திரும்ப அழைத்துக் கூடைக்குள் போட்ட தொலைபேசியில் கீழ்வீட்டுப் பிள்ளையின் குரல் கேட்டுக்கொண்டே வந்தது. "அக்கா, கதவு தட்டறேன்... பெல் அடிக்கறேன்... உள்ள அவர் சத்தம் கேக்குது, திறக்க மாட்டேங்கறாருக்கா!" எனக்கு அழுகையும் வந்தது, அவரைத் திட்டவும் வந்தது. இரண்டையும் செய்துகொண்டு மிதித்தேன்.

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. இரண்டாம் மாடியைத் தாண்டும்போது மேலே கதவு திறக்கிற சத்தமும் அவருடைய குரலும் கேட்டன.

"என்ன பிள்ளை, இன்னும் கறி கொண்டு வந்தனீரோ? குக்கரிலை சோறு இப்பதான் அவிஞ்சுது, போட எழும்பினாப் பிறகுதான் மணி கேட்டுது."

போய்ப் பார்த்தால் ஒரு கையில் சாப்பாட்டுக் கோப்பை. சோற்றின் மேல் காளான் குழம்பு, ஆவி பறக்கிறது. ஒரே அடி அடித்தேன். கோப்பை சுவரில் பட்டுப் படியில் உருண்டது.

"உமக்கு என்ன விசரோ?" என்றார்.

"வாயிலை வைச்சனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ!"

"இல்லையப்பா! எங்கை விட்டனீர் வைக்க!"

அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். முன்வீட்டு நோர்வேக்காரக் கிழவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மெதுவாகச் சாத்திக்கொண்டார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மஞ்சள் மழைச்சட்டைப் பெண் மட்டும் முடிந்ததாக நினைக்கவில்லை. வேறு யாராவது வாயில் வைத்தார்களா, ருசி பார்த்தார்களா என்று கேட்டாள். நான் தமிழில் கேட்டேன். கீழ்வீட்டுப் பிள்ளையின் முகம் வெளிறியது.

"உப்பு பாத்தேன் அக்கா. அப்புறம்... வெந்துச்சான்னு ஒரு துண்டு. ரெண்டு இருக்கும்."

சமைக்கிறவள் யார்தான் உப்புப் பார்க்காமல் இருப்பாள்? அது எனக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெண் உடனே விஷத்துக்கான அவசர எண்ணுக்கு அழைத்தாள். அவர்கள் கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, என்ன காளான், அதன் அடிப்பாகம் இருக்கிறதா, எந்த இடத்தில் விளைந்தது. பையில் இருந்ததெல்லாம் நான் வெட்டிய தண்டுகள்தான். அவள் தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"நேற்றுப் பறித்ததும் இன்று உங்களைக் கண்ட அதே இடத்திலா? உண்மையிலேயே ஸ்ட்ரோம்மனிலும் பறித்தீர்களா?"

எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். கணவர், கீழ்வீட்டுப் பிள்ளை, காதில் மாட்டிய ஹெட்போனோடு மீட்டிங்கிலிருந்து ஓடி வந்த அவள் கணவன். "நான் பொய் சொன்னேன்" என்றேன். "ஸ்ட்ரோம்மனுக்கு நான் போகவே இல்லை. இரண்டு நாளும் அதே விழுந்த மரத்தடிதான்." என் வாழ்நாளில் இவ்வளவு கூனிக் குறுகி நின்றதில்லை. அவளோ, உங்களிடம் கரண்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். என் தொலைபேசி எண்ணையும் சோற்றுக் கரண்டியையும் வாங்கிக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள்.

அம்புலன்ஸில் நானும் கூடப் போனேன். வைத்தியசாலையில் அந்தப் பிள்ளைக்குக் கரியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். பல்லும் உதடும் கறுத்துப்போய் என்னைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். சிறிது நேரத்தில் மஞ்சள் மழைச்சட்டைப் பெண்ணிடமிருந்து படங்கள் வந்தன. மண்ணோடு தோண்டி எடுத்த காளான், அடியில் முட்டைக் கோது போல ஒரு வெள்ளைப் பை. நான் இரண்டு நாளும் மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்தது அதைத்தான். படத்தைப் பார்த்த நிபுணர் சந்தேகமே இல்லை என்று சொன்னதாகவும், எந்த விஷத்துக்கு வைத்தியம் செய்கிறோம் என்று இனி தங்களுக்கு உறுதியாகத் தெரியும் என்றும் வைத்தியர் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை வரை திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். நான் வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் நடந்தேன். சைக்கிளைத் தொடவே மனம் வரவில்லை. ஞாயிறு மத்தியானம் ஈரலுக்கு ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று சொன்னார்கள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவள் என் காதருகே வந்து, "அக்கா, ஒண்ணு சொல்லட்டுமா? ருசி உண்மையிலேயே நல்லா இருந்துச்சு" என்றாள். அந்த வார்டில் நாங்கள் சிரித்த சிரிப்புக்குத் தாதி வந்து எட்டிப் பார்த்தாள்.

அன்றே அந்தப் பெண்ணுக்கு அழைத்து நல்ல செய்தியைச் சொன்னேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டு வாசலில் மேசை போட்டு, பறித்து வருகிறவர்களின் கூடைகளை இலவசமாகப் பார்த்துச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றும், தானும் அதில் ஒருத்தி என்றும் சொன்னாள். என் பொய்க்காகத் திரும்பவும் மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்களை என்னால் பிடித்திருக்க முடியாது. மகனை எடுக்க நேரமாகிவிட்டது, விட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் விளக்கு சிவப்பானது" என்றாள்.

இப்போதும் நான் சைக்கிளில்தான் வேலைக்குப் போகிறேன், இப்போதும் புதுப் பாதை கண்டால் திரும்பாமல் இருக்க முடிவதில்லை. ஆனால் எனக்கு நல்லது சொல்ல ஓடி வருகிறவரையே முந்திப் போகிற அளவுக்கு என் கால்களில் பலம் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டதால், பின்னாலிருந்து யார் கூப்பிட்டாலும் இன்றுவரை என் கை முதலில் பிரேக்கைத்தான் பிடிக்கிறது.